தேத்தண்ணி குடிக்காத மருமகன்

கேள்வி: எனது அக்காவின் மகன் ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவன், வயது 19. கூடப் படித்தவர்களோடு திரிந்து மோர்மன் சபையில் சேர்ந்தான். இப்போது இரண்டு வருட ஊழியம் என்று பிலிப்பைன்ஸில் செபு தீவுக்குப் போய்விட்டான். தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டானாம். கிழமைக்கு ஒருநாள்தான் வீட்டோடு பேசுகிறான். போன மாதம் பேசும்போது அம்மம்மாவின் தாய், அவவின் தாய் என்று எல்லாருடைய பெயரும் பிறந்த ஆண்டும் கேட்டிருக்கிறான். நாங்கள் கோயிலில் வண்ணக்கராக, அதாவது கோயில் நிர்வாகிகளாக, இருந்த குடி. எவ்வளவு காசு கொடுத்து எங்கள் பிள்ளையை வாங்கினார்கள்? அவனை மீட்க என்ன வழி?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஆரையம்பதி

பதில்: காசுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மோர்மன் ஊழியக்காரனுக்குச் சம்பளம் ஒரு சதமும் கிடையாது. அவனோ அவன் வீட்டாரோதான் செலவை மாதாமாதம் சபைக்குக் கட்ட வேண்டும். முடியாதவர்களுக்குச் சபைக்காரர் கைகொடுப்பார்கள். ஆகவே யாரும் உங்கள் பிள்ளையை வாங்கவில்லை. செபுவில் அவன் சாப்பிடும் சோற்றுக்கு யார் காசு கட்டுகிறார் என்று அக்காவிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

தேத்தண்ணி விஷயம் பழையது. 1830இல் அமெரிக்காவில் இந்தச் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் 1833இல் ஒரு கட்டளையை அறிவித்தார். தேயிலை, கோப்பி, மது, புகையிலை நான்கையும் அவர்கள் தொடாதது அதனால்தான். கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள், குடிப்பான். வெளிநாட்டில் 19 வயதுப் பையன் சாராயமும் சிகரெட்டும் தொடுவதில்லை என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நீங்கள் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பீர்கள்.

அவன் நாள் எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, சாப்பாடு, பிறகு மணிக்கணக்கில் வேதப் படிப்பு. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, நெஞ்சில் கறுப்பு அட்டையில் பெயர். பெயருக்கு முன்னால் ‘எல்டர்’ என்று போட்டிருக்கும், மூப்பர் என்று அர்த்தம். மீசை சரியாக முளைக்காத மூப்பர்! பிறகு தெருத்தெருவாக நடை. பெரும்பாலான கதவுகள் திறப்பதில்லை. இரவு பத்தரைக்குப் படுக்கை. சினிமா இல்லை, காதல் இல்லை, கடலில் குளிக்கவும் கூடாது. எந்த நேரமும் ஒரு துணை ஊழியக்காரன் பக்கத்தில் இருப்பான், தனியாக எங்கும் போக முடியாது. எந்த நாட்டுக்குப் போவது என்பதையும் அவன் தெரிவுசெய்யவில்லை, சபை அனுப்பியது. கிழமையில் ஒருநாள் உடுப்புத் தோய்க்க, சாமான் வாங்க, வீட்டோடு பேச. அந்தப் பேச்சுக்கூட 2019இல் வந்த சலுகை. அதற்கு முன் கிறிஸ்மஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் தொலைபேசி.

சில வருடங்களுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு மழை நாளில் இப்படி இருவரோடு ஒரு பேருந்து நிறுத்தத்தில் அகப்பட்டுக்கொண்டேன். ஒருவனுடைய சப்பாத்தின் அடி வாய் பிளந்து, பசை போட்டு ஒட்டி, மறுபடியும் பிளந்திருந்தது. பேச்சு நீண்டது. “வீட்டு நினைப்பு வருமா தம்பி?” என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, முதலில் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே, “இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் ஐயா” என்றான். அந்தச் சப்பாத்து எனக்கு மரியாதையை உண்டாக்கியது. அந்தப் பார்வைதான் பிடிக்கவில்லை.

எனவே நான் அந்தச் சபைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். சட்டப்படி அவன் நாளைக்கே பயணச்சீட்டு எடுத்துத் திரும்பிவிடலாம், யாரும் கட்டிவைக்கவில்லை. ஆனால் பாதியில் திரும்பிய பையனை அவர்கள் வட்டாரத்தில் ஒருமாதிரிப் பார்ப்பார்கள் என்பது அங்கே ஊரறிந்த கதை. சபையில் எழுந்து சாட்சி சொல்லும்போது ‘நம்புகிறேன்’ என்று சொல்வதைவிட ‘இது உண்மை என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்வதுதான் வழக்கம். 19 வயதில் ஒருவனுக்கு அவ்வளவு தெரிந்திருப்பது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இன்னொன்று, அவன் ‘வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) மாறிவிட்டான்’ என்று மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் எந்தக் கத்தோலிக்கக் குருவிடமும் சொல்லிப் பாருங்கள், தலையாட்டமாட்டார். மோர்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001இலேயே சொல்லிவிட்டது.

சரி, ‘மீட்பது’ என்கிறீர்கள். அந்தச் சொல்லை மட்டக்களப்பு வாவிக்கரையில் வைத்துக் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே சிலையாக நிற்கிற வில்லியம் ஓல்ட், இங்கிலாந்திலிருந்து கப்பலேறி 1814இல் வந்துசேர்ந்த மெதடிஸ்ட் போதகர். வருகிற வழியிலேயே மனைவி இறந்துபோனார். மட்டக்களப்பில் எட்டு மாதம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தொடங்கிவைத்துவிட்டு 1815 ஏப்ரலில் இங்கேயே கண்ணை மூடினார். லூசியானாவிலிருந்து வந்து நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹெபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். இவர்களுக்கும் அந்த ஊர்களில் தாய்மாமன்மார் இருந்திருப்பார்கள். நம்மிடமிருந்து பிள்ளையை மீட்க வேண்டும் என்று அவர்களும் யாருக்காவது எழுதியிருக்கலாம்.

இனிப் பெயர்கள். உங்கள் கடிதத்தில் நான் இரண்டுதரம் வாசித்த இடம் இதுதான். அவன் எதற்குக் கேட்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். மோர்மன் சபையார் செத்தவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். உயிரோடிருக்கும் ஒருவர் அவர்களுடைய ஆலயத்தில், இறந்தவரின் பெயரால் தண்ணீரில் முழுகி எழும்புவார். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் விருப்பம் என்பது அவர்கள் கொள்கை. அதற்காகத்தான் உலகம் முழுக்கப் பரம்பரைப் பெயர்களைத் திரட்டுகிறார்கள். சோல்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் மலையைக் குடைந்து அந்தப் பதிவுகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. பிறகு நம் மாமாங்கக் கோயில் தீர்த்தம் ஞாபகம் வந்தது. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழியில் நாம் என்ன செய்கிறோம்? செத்தவர்களை நினைத்துத் தண்ணீரில் முழுகுகிறோம். ஒரு வித்தியாசம் உண்டு, அதை நான் சின்னதாக்கவில்லை: நாம் முழுகும்போது கொப்பாட்டியின் சமயத்தைத் தொடுவதில்லை. ஆகவே உங்கள் மறுப்பை நேராகச் சொல்லுங்கள். கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவர் என்றால் மிக நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும் என்பது அந்தச் சபையின் சொந்த விதி. உங்கள் அம்மா வேண்டாம் என்றால் அது அவனையும் கட்டும். “பெயர் தருகிறோம் மனே, முழுக்கு வேண்டாம்” என்று சொல்லலாம். பெயரையே தராமல் விடாதீர்கள்.

ஏன் என்றால், குடி பற்றிப் பேசியது நீங்கள். உங்கள் பிள்ளைகள் உங்கள் குடியா? இல்லை, உங்கள் மனைவியின் குடி. நம் ஊர் வழக்கத்தில் குடி தாய்வழி. உங்கள் குடியில் அடுத்த தலைமுறை ஆண்பிள்ளை என்றால் அக்கா வயிற்றில் பிறந்த இவன்தான். அந்த வயிற்றுவாரில், அதாவது தாய்வழியில், ஒருத்தன் பூட்டியின் பெயர் என்னவென்று வாய்திறந்து கேட்கிறான். இத்தனை வருடத்தில் வேறு எந்தப் பிள்ளையாவது கேட்டதா? கேட்க வைத்தது பிள்ளையார் கோயில் இல்லை, அமெரிக்கச் சபை ஒன்று. எனக்குச் சுடுகிற இடம் அதுதான். உங்களுக்கும் அங்கேதான் சுட வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். அவன் அம்மம்மாவோடு எந்த மொழியில் பேசுகிறான்? செபுவில் ஊழியம் என்றால் செபுவானோ படித்துத்தான் ஆக வேண்டும். சில வாரப் பயிற்சி கொடுத்து அனுப்பிவிடுவார்கள், மிச்சத்தைத் தெருவில் பழகிக்கொள்வான். ஊர்பேர் தெரியாத கிழவிகளின் வாசலில் நின்று ‘லோலா’ (பாட்டி) என்று கூப்பிட்டு நலம் விசாரிப்பான். பத்தொன்பது வருடத்தில் தமிழ் எவ்வளவு வந்தது? வரவில்லை என்றால் அது மோர்மன்காரன் குற்றமில்லை. அவன் பிறந்ததிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்து, அவனைக் கூப்பிடச் சொல்லிப் பேசியிருக்கிறீர்கள்? பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேக் படத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அவன் வீட்டோடு பேசுகிற நாளை அக்காவிடம் கேட்டு வையுங்கள். செபுவில் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அந்த அழைப்பில் அம்மாவையும் சேர்க்கச் சொல்லுங்கள். சமயம் பற்றி நீங்கள் வாய்திறக்க வேண்டாம். அம்மா “சாப்பிட்டியா மனே?” என்று தொடங்கட்டும், பிறகு தன் தாயின் பெயரைச் சொல்லட்டும், அவன் எழுதிக்கொள்ளட்டும். அதற்கு முன் நீங்கள் ஒரு கடதாசி எடுத்து, அம்மாவின் அம்மாவின் அம்மாவுடைய பெயரை யாரையும் கேட்காமல் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.