கல்லைத் தொட்டுவிட்டு வீடியோ பாருங்கள்: நிலவியல் கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லும் மண்ணும் பார்க்கப் போகிறவன் என்பதால் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

ஏழாவது படிக்கும் என் மகன் எரிமலை ஆவணப்படமாகப் பார்த்துத் தள்ளுகிறான். அது போதாதா? (விழுப்புரம்)

பார்க்கட்டும், தடுக்காதீர்கள். ஆனால் "நம் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக "நெருப்புக் குழம்பு" என்பான். பல படங்களில் பூமியை வெட்டிக் காட்டும்போது, மேலோட்டுக்குக் கீழே எல்லாம் சிவப்பாகத் தளதளப்பதுபோல் வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை பெரும்பாலும் திடமான பாறைதான். ரொம்ப ரொம்ப மெதுவாக நகரும், அவ்வளவே. நிலநடுக்கத்தில் கிளம்பும் அதிர்வுகளில் எஸ் அலை என்று ஒன்று உண்டு, அது திரவத்துக்குள் போகாது. இந்த அடுக்குக்குள் போகிறது, அதற்குக் கீழே திரவமாக இருக்கும் வெளிக்கருவில் நின்றுவிடுகிறது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். "இது எப்படித் தெரிந்தது?" என்பதையும் சொல்கிற படமா என்று பாருங்கள். பின்னணி இசையை மட்டும் ஏற்றுகிற படம் என்றால் வேறு தேடுங்கள்.

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போனோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அங்கே என்ன சொல்லித் தருவது? (புதுச்சேரி)

சொல்லித் தராதீர்கள், கேளுங்கள். "கிளை எங்கே? இலை எங்கே? வேர் எங்கே?" சுற்றித் தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று வருவார்கள். எல்லாம் மொட்டை அடிமரங்கள், அதுவும் படுத்துக் கிடப்பவை. அங்கேயே வளர்ந்த காடு என்றால் ஒரு வேராவது நின்றிருக்க வேண்டாமா? அப்புறம் மரத்தைச் சுற்றியுள்ள மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். மணலும் உருண்ட கூழாங்கல்லும் இருக்கும். கூழாங்கல்லை உருட்டுவது தண்ணீர். ஒருமுறை ஒரு சிறுமி தானாகவே, "வெள்ளத்துல அடிச்சிட்டு வந்துச்சா சார்?" என்றாள். அதேதான். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறு கொண்டுவந்து புதைத்த மரங்கள். மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா (மணலில் இருக்கிற அதே பொருள்), மரத்தின் நார் இருந்த இடத்தில் நுணுக்கமாகக் குடியேறியது. மரம் கல்லாய்ச் சமைந்தது.

அந்த மாற்றத்தை யாரும் நின்று பார்க்க முடியாது. அதற்குத்தான் வீடியோ. வீட்டுக்கு வந்தபின் காட்டுங்கள். முன்னாடியே காட்டினால் அந்தச் சிறுமியின் கேள்வி வராது.

சென்னையில் என்ன இருக்கிறது, எல்லாம் கட்டடம்தானே?

பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் போங்கள். அங்குள்ள கருநீலப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இதே வகைக் கல். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். வயது சுமார் 250 கோடி ஆண்டு. உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுக்கு இருக்கும், அதைக் கவனியுங்கள்.

வெளியே போகவே நேரமில்லை. வீட்டில் ஏதாவது?

சமையலறையில் கடப்பாக் கல் இருந்தால் ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மங்கிப்போகும், ஏனென்றால் அது சுண்ணாம்புக் கல். "கருப்பு கிரானைட்" மேடையில் ஒன்றும் ஆகாது. அது பெரும்பாலும் டோலரைட் என்ற வேறு பாறை. கடைக்காரருக்கு எல்லாமே கிரானைட். கல்சட்டி இருந்தால் அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழும், அது மென்மையான மாக்கல். அம்மியில் முயன்றால் நகம்தான் போகும். (மேடையில் கறை விழுந்து திட்டு வாங்கினால் நான் பொறுப்பில்லை.)

பெரம்பலூர் பக்கம் காரைக்குப் போகலாமா? கிடைக்கும் கல்லை எடுத்து வரலாமா?

போகலாம், அவசியம் போங்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. ஓடை அரித்த களிமண் மேடுகளில் துப்பாக்கிக் குண்டு மாதிரி பெலம்னைட் கிடக்கும். கணவாய் மீனின் தூரத்துச் சொந்தமான ஒரு கடல் உயிரியின் கல்லான எச்சம் அது. வெயிலில் கண்ணாடிச் சில்லுபோல் பளபளப்பது ஜிப்சம். எடுத்து வரவேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து அளவு தெரியப் படம் எடுங்கள், நோட்டில் வரையுங்கள், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். நிழல் கிடையாது, டிசம்பர், ஜனவரியில் காலையிலேயே போய்விடுங்கள், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரோடு.