தேரை, நண்டு, குதிரை: மறுமலர்ச்சிக் காலச் சிறு வெண்கலங்கள் – கேள்வி பதில்

கேள்வி: உள்ளங்கையில் அடங்கும் இந்த வெண்கலத் தேரைகளையும் நண்டுகளையும் அன்றைக்கு யார் வாங்கினார்கள்?

பதில்: பெரும்பாலும் படித்தவர்கள். இத்தாலியின் பதுவாவில் 1222 முதலே பல்கலைக்கழகம் உண்டு. சிற்பி தொனதெல்லோ 1443 முதல் பத்தாண்டுகள் அங்கே தங்கி வேலை செய்ததால், தேர்ந்த வார்ப்புக்காரர்களும் உருவானார்கள். அறிஞர்களின் எழுதுமேசைக்கு மைக்கூடும், ஈர மையை உலர்த்தத் தூவும் மணலுக்குக் கிண்ணமும், எண்ணெய் விளக்கும் வேண்டியிருந்தன. அவற்றில்தான் இந்த உயிரினங்கள் வந்து அமர்ந்தன.

கேள்வி: தேரையின் தோலில் ஒவ்வொரு மருவும் தெரிகிறதே, நிஜத் தேரையிலேயே அச்சு எடுத்தார்களா?

பதில்: பல தேரைகளுக்கு ஆம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் துலூசில் எழுதப்பட்ட ஒரு பிரெஞ்சுக் கைப்பிரதி இந்த வேலையை அங்குலம் அங்குலமாக விளக்குகிறது. பல்லி போன்றவற்றைக் காடியும் சிறுநீரும் கலந்த நீரில் கொன்றார்கள். பிறகு களிமண் மீது ஊசி குத்தி, உயிருடன் நகர்வது போன்ற நிலையில் நிறுத்தினார்கள். மேலே ஜிப்சமும் செங்கல் தூளும் கலந்த குழம்பை ஊற்றினார்கள். அச்சு இறுகியதும் சுட்டால் உடல் எரிந்து சாம்பலாகும். சாம்பலை அகற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்தார்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கைச் சேர்ந்த பொற்கொல்லர் வென்சல் யாம்னிட்சர் இதே வழியில் வெள்ளியில் பல்லிகளையும் புல்லிதழ்களையும்கூட வார்த்திருக்கிறார்.

கேள்வி: அப்படியானால் கலைஞனுக்கு அதில் என்ன வேலை? அது வெறும் நகல்தானே?

பதில்: இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். செத்த தேரை தொய்ந்து கிடக்கும். தாவப்போகும் கணத்தை அதன் கால்களில் கொண்டுவருவது மனிதக் கை. அந்த நிலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கலை இருக்கிறது. ஆனாலும் என் மனம் அதிகம் சாய்வது பதுவாவின் சிற்பி ரிச்சோ முதலில் மெழுகில் வடித்து வெண்கலமாக்கிய ஆடுகளின் பக்கம். எந்த அச்சின் துணையும் இல்லாமல், ரோமத்தைக் கருவியால் கீறியே உயிரூட்டியிருக்கிறார்.

கேள்வி: புளோரன்ஸ் சிற்பி ஜியாம்பொலோஞாவின் வெண்கல வான்கோழியும் இந்த வகைதானா?

பதில்: இல்லை. அது தோட்டத்தில் அமைத்த ஒரு செயற்கைக் குகைக்காக, ஏறத்தாழ உயிரளவில், 1560களில் செய்தது. இப்போது புளோரன்சின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய குதிரைகளும் காளைகளும்தான் சிற்றுருவங்கள். 1612இல் புளோரன்சை ஆண்ட மெதிச்சி குடும்பம் இங்கிலாந்து இளவரசர் ஹென்றிக்கு அனுப்பிய வெண்கலங்களில் ஒரு குதிரையும் இருந்தது. அதைத் தம்பி சார்லசுக்குக் கொடுக்கலாமே என்று ஒருவர் சொன்னபோது, எல்லாமே எனக்குத்தான் வேண்டும் என்று ஹென்றி மறுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 18.

கேள்வி: பழையதா, பிற்கால நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அளவெடுங்கள். வெண்கலம் ஆறும்போது சுருங்கும். ஆகவே ஒரு சிற்பத்தின் மீதே அச்சு எடுத்து வார்த்த நகல், மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். நுண்கோடுகளும் மழுங்கியிருக்கும். பிறகு கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்கூடாக வார்ப்பதற்காக நடுவில் வைத்த மண்ணின் மிச்சமும், அதைத் தாங்கிய ஆணிகளின் தடமும் பேசும். எக்ஸ்ரேயும் உலோகக் கலவைச் சோதனையும் அதற்குப் பிறகுதான்.