பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் புதிய குறிமணி

கேள்வி: தந்தையாருக்குப் பின் உரிமம் என் பெயருக்கு மாறிய 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியில், குறிபார்க்க முனையிலுள்ள பித்தளைக் குறிமணி தேய்ந்துவிட்டது. இடக்குழலில் தோட்டா சில வேளை வெடிப்பதில்லை. இவற்றை நானே மாற்றலாமா?

பதில்: குறிமணி தேய்ந்ததைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ரவைகள் பரவிச் செல்லும் துப்பாக்கியில், கன்னம் துப்பாக்கியின் பின்புறக் கட்டையில் சரியாகப் படிவதே குறியைத் தீர்மானிக்கிறது. புதிய மணியின் திருகு, பழையதன் மரையளவோடு பொருந்த வேண்டும். நீளம் மிகுந்து குழலின் உட்பக்கம் எட்டிப் பார்க்கவும் கூடாது. பழைய துப்பாக்கிகளில் மரையளவு ஒரே சீராக இருப்பதில்லை என்பதால், கையிலுள்ள மணியைக் கழற்றி அளக்காமல் புதியதை வாங்குவது வீண் செலவு.

வெடிக்காமையே உண்மையான கவலை. அப்படி நேர்ந்தால், குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடி அரை நிமிடமாவது பொறுத்த பிறகே திறந்து, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைப் பாருங்கள். வலக்குழல் தோட்டாவில் பதிந்ததைவிடப் பள்ளம் ஆழமற்றிருந்தால், கேப்பைக் குத்தும் ஊசியின் முனை தேய்ந்திருக்கலாம், அல்லது சுத்தியலின் வில் தளர்ந்திருக்கலாம். ஊசியை அரத்தால் கூராக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். கூரான முனை கேப்பைத் துளைத்தால், வெடிவாயு முகத்தை நோக்கிப் பீறிடக்கூடும். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் பழுதுபார்ப்போருக்கும் தனி உரிமம் கேட்பதால், தோட்டாக்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, உரிமப் புத்தகத்துடன் துப்பாக்கியை அத்தகைய கடையில் கொடுத்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.