ஒகனாகன் குளிரில் ஒயின் திராட்சை: நீர், கவாத்து, மண் அணைப்பு

கேள்வி: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஒகனாகன் பள்ளத்தாக்கில், ஆலிவர் ஊருக்கு அருகே அரை ஏக்கரில் மெர்லோ, கேபர்நே ஃபிராங்க் ஆகிய ஒயின் திராட்சை வகைகளை நட்டிருக்கிறேன். ஒட்டுக் கன்றுகள், சொட்டுநீர்ப் பாசனம் உண்டு. சென்ற குளிர்காலத்துக்குப் பின் பல கொடிகளில் மொட்டு விரியவில்லை. சிலவற்றில் அடியிலிருந்து மட்டும் துளிர் வந்தது. கொடிகளை மண்ணில் புதைக்க வேண்டுமா? எப்போது கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குவது) செய்வது? நீரைக் குறைக்கச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர், அது சரியா?

பதில்: கடைசியாகக் கேட்டிருக்கும் நீர் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஜனவரியில் ஒரு மொட்டு பிழைக்குமா என்பது பெருமளவுக்கு அந்தக் கிளை முந்திய கோடையில் எப்படி வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. ஆலிவர், ஒசோயூஸ் பகுதியில் மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. ஆகவே கொடியின் வளர்ச்சியை நிறுத்துவதும் நீட்டுவதும் உங்கள் கையில் இருக்கும் சொட்டுக் குழாய்தான்.

ஜூனில் பூத்து, பிஞ்சு பிடித்த பிறகு நீரைப் படிப்படியாகக் குறையுங்கள். கிளைகள் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வளர்ந்து, ஆகஸ்டில் காய்கள் நிறம் மாறத் தொடங்குவதற்குள் நுனி வளர்ச்சி நின்றுவிட வேண்டும். அதே சமயம் இலைகள் வாடி உதிரும் அளவுக்குக் காயவிடவும் கூடாது. பூப்புக்குப் பிறகு தழைச்சத்து உரம் வேண்டாம். செப்டம்பரிலும் கொழுந்து விட்டுக்கொண்டிருக்கும் கிளை பழுப்பு நிறமாகி முற்றுவதில்லை. முற்றாத பகுதி முதல் கடும் உறைபனியிலேயே கருகிவிடும். முற்றிய கிளையிலோ, பகல் குறுகி இரவு குளிரக் குளிர, மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, மொட்டின் உயிரணுக்களில் உள்ள நீர் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழேயும் உறையாமல் நிற்கிறது. அதுவே கொடியின் குளிர்தாங்கும் திறன். இளங்கொடியில் குலைகளை அளவுக்கு மீறி விட்டாலும் இந்தச் சேமிப்பு குறையும். கிளைக்கு ஒரு குலை போதும்.

அறுவடைக்குப் பின் நிலைமை தலைகீழாகிறது. இலையுதிர் காலத்தில் பாசன நீர் அடைக்கப்படுவதற்கு முன், வேர் மண்டலம் முழுவதும் நனையும்படி ஒரு முறை நிறைவாக நீர் விடுங்கள். வறண்ட மண்ணில் உறைபனி விரைவாகவும் ஆழமாகவும் இறங்கும். வேர்களோ மொட்டுகளைவிடக் குளிருக்கு மிக மென்மையானவை. பக்கத்துத் தோட்டக்காரரின் யோசனை ஜூலைக்குப் பொருந்தும், அக்டோபருக்குப் பொருந்தாது.

நடுக்குளிரில் மெர்லோ மொட்டுகளில் பாதி, மைனஸ் 22 முதல் 24 டிகிரி செல்சியஸ் அளவில் மடியும். கேபர்நே ஃபிராங்க் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் இது நிலையான எண் அல்ல. நவம்பரில் இந்தத் திறன் முழுமையடைந்திருக்காது. இடையில் வெதுவெதுப்பான வாரங்கள் வந்தாலும் அது தளர்ந்துவிடும். 2024 ஜனவரி நடுவில், மிதமான டிசம்பருக்குப் பின் திடீரென இறங்கிய கடுங்குளிர் பள்ளத்தாக்கின் அந்த ஆண்டு விளைச்சலை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. சம்மர்லாந்தில் உள்ள மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் வகைவாரியாக மொட்டுகளின் தாங்குதிறனை அளந்து வருகிறது. உங்கள் நிலத்தின் தாழ்ந்த மூலையில், கொடியின் உயரத்தில், குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதியும் ஒரு வெப்பமானியை வைத்து அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்காற்று தாழ்வான இடத்தில்தான் தேங்கும்.

புதைப்பது பற்றிய என் கருத்து: வேண்டாம். சீனாவின் நிங்சியாவில், ஹெலான் மலையின் கிழக்கு அடிவாரத்தில், இலையுதிர் கால இறுதியில் கொடிகளை மண்ணுக்குள் கிடத்தி வசந்தத்தில் தோண்டி எடுக்கிறார்கள். அங்கே குளிர்காலம் அவ்வளவு கடுமையானது, வறண்டது. அந்தக் கொடிகள் எளிதாக மடங்கும்படி இளமையிலேயே சாய்வாக வளர்க்கப்படுகின்றன. உங்கள் நிமிர்ந்த தண்டுகளை வளைத்தால் விரிசல் விடும். தண்டில் கழலையை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு அந்த விரிசலே வாசல். அதற்கு மாறாக, நவம்பரில் ஒட்டுப் பகுதிக்கு (வேர்ச்செடியும் மேல்கொடியும் இணையும் இடத்துக்கு) மேல் ஒரு சாண் உயரம் மண் அணைத்து, ஏப்ரலில் தவறாமல் விலக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் ஒட்டுக்கு மேலிருந்து வேர் இறங்கும். மேல்தண்டு மடிந்தாலும், அணைத்த மண்ணுக்குள் பிழைத்த மொட்டிலிருந்து புதுத் தண்டு எழுப்பலாம். கொடிக்கு வெவ்வேறு வயதில் இரண்டு தண்டுகள் இருப்பது இன்னும் நல்லது.

அடியிலிருந்து வந்த துளிர்களை இப்போதே பரிசோதியுங்கள். ஒட்டுக்கு மேலிருந்து வந்திருந்தால் அது மெர்லோ அல்லது கேபர்நே ஃபிராங்க்; வளர்த்தெடுக்கலாம். ஒட்டுக்குக் கீழிருந்து வந்திருந்தால் அது வேர்ச்செடியின் துளிர். இரண்டு ஆண்டு அதற்கு உழைத்தாலும் ஒயினுக்கு உதவாது.

கவாத்தை இலையுதிர் காலத்தில் செய்யாதீர்கள். பிப்ரவரி இறுதியில், ஒவ்வொரு வகையிலும் பல இடங்களிலிருந்து கிளைகளை வெட்டி, ஓரிரு நாள் அறை வெப்பத்தில் வைத்து, சுமார் 100 மொட்டுகளைச் சவரக் கத்தியால் குறுக்கே சீவிப் பாருங்கள். பச்சையாக இருப்பது உயிருள்ளது, பழுப்பு மடிந்தது. ஒரு மொட்டுக்குள் மூன்று குருத்துகள் உண்டு. நடுவிலுள்ள முதன்மைக் குருத்துதான் நிறையக் குலை தரும், பெரும்பாலும் அதுவே முதலில் மடியும். ஆறில் ஒரு பங்குக்குள் சேதம் இருந்தால் வழக்கமான கவாத்து போதும். பாதி மடிந்திருந்தால் இரு மடங்கு மொட்டுகளை விடுங்கள். ஐந்தில் நான்கு மடிந்திருந்தால் கத்தரியை வைத்துவிட்டு, எங்கே துளிர்க்கிறது என்று தெரியும்வரை பொறுத்திருங்கள்.

மார்ச்சில் செய்யும் கவாத்திலும் கிளைகளை நீளமாகவே விட்டு, நுனி மொட்டுகள் விரியத் தொடங்கிய பின் ஏப்ரல் இறுதியில் தேவையான நீளத்துக்குக் குறையுங்கள். நுனி முந்துவதால் அடி மொட்டுகள் சில நாள் தாமதிக்கும். மே மாத உறைபனிக்கு அந்தத் தாமதம் உதவும், ஏனெனில் விரிந்த பச்சைத் துளிர் மைனஸ் 2 டிகிரியையே தாங்காது.

நோய்களில், சாம்பல் பூத்ததுபோல் படரும் பூஞ்சையான சாம்பல் நோய் ஒன்றுதான் இந்த வறண்ட காற்றிலும் ஓயாது. நோய் தெரியும் முன்பே கந்தகம் தெளியுங்கள். வெயில் 30 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தவிர்த்துவிடுங்கள், இலை கருகும்.

தாழ்ந்த வரிசைகளில் மட்டும் மெர்லோ மீண்டும் மீண்டும் மடிந்தால், அங்கே அதையே திரும்ப நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வரிசைகளுக்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சையையோ, இன்னும் கடுங்குளிரைத் தாங்கும் கலப்பினமான மரேஷால் ஃபோஷையோ தேர்ந்துகொண்டு, மெர்லோவைச் சரிவின் மேற்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.