வாசகர் கேள்வி – பதில்: கட்டுரை விடையில் புள்ளி குறைவது ஏன்?

கேள்வி: என் மகள் க.பொ.த. உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கிறாள். பல்தேர்வு வினாக்களை நன்றாகச் செய்கிறாள். கட்டுரை விடைகளில்தான் புள்ளி குறைகிறது. தனியார் வகுப்பில் கொடுக்கும் மாதிரிக் கட்டுரைகளைப் பாடமாக்கித்தான் எழுதுகிறாள். இன்னும் அதிகமாகப் பாடமாக்கச் சொல்லலாமா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம், அம்மா. குறைவுக்குக் காரணமே அந்தப் பாடமாக்கல்தான் என்று நினைக்கிறேன். 'விபரிக்குக' என்றும் 'ஒப்பிடுக' என்றும் 'ஆராய்க' என்றும் வினாத்தாள் வெவ்வேறு வேலைகளைக் கேட்கும்போது, பாடமாக்கிய பிள்ளை மூன்றுக்கும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறாள். அதில் உள்ள விடயங்கள் சரியாக இருந்தாலும், கேட்டதற்குரிய விடை அங்கே இல்லாததால் பரீட்சகர் புள்ளி வழங்க வழியில்லை.

மகளுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குங்கள். முத்தையன்கட்டுக் குளத்தில் நீர் குறைந்த ஆண்டில், சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புப் பரப்பை ஏன் குறைக்கிறார்கள் என்று கேட்டால், நீரளவு, வாய்க்கால், விதைப்பு, அறுவடை என்று காரணத்தையும் விளைவையும் ஒழுங்காக இணைத்து அவளால் வாயால் சொல்ல முடியும். அதையே ஒரு பக்கத்தில், தன் சொந்த வாக்கியங்களில், எந்தக் குறிப்பையும் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். பிறகு, குளப்பாசனத்தின் நன்மைகளையும் மட்டுப்பாடுகளையும் ஆராயுமாறு கேளுங்கள். அதே விடயம் வேறொரு கட்டுரையாக மாறவேண்டியிருப்பதை அவளே உணர்வாள். பாடசாலை ஆசிரியர் அதை வாசித்து, எந்த வாக்கியம் வினாவோடு சேரவில்லை என்று காட்டினால் அதுவே பெரிய உதவி.

கடந்தகால வினாத்தாள்களோடு புள்ளியிடும் திட்டங்களையும் வாசிப்பது நல்லது. ஆனால் அவற்றையும் பாடமாக்கக் கூடாது. வாசிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: 2009 வரை நீடித்த இடப்பெயர்வுகளில் வன்னியின் எத்தனையோ வீடுகளும் பாடசாலைகளும் தம் புத்தகங்களை இழந்தன. குறிப்புக் கொப்பியைத் தவிர வேறெதையும் வாசிக்காமல் வளரும் பிள்ளைக்கு நீண்ட வாக்கியம் கைவருவது கடினம் என்பதால், நாள்தோறும் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தையாவது வாசிக்கச் செய்யுங்கள்.

கேள்வி: மகன் உயிரியல் பிரிவில் படிக்கிறான். பல்கலைக்கழக அனுமதியில் எங்கள் மாவட்டத்துக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதால் கட்டுரைப் பகுதியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்கிறான். சரியா?
– ஒரு தந்தை, கிளிநொச்சி

பதில்: சரியல்ல. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் ஏறத்தாழ 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டத் திறமைக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் உரியவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்குமே அந்த 5 வீதத்துக்குள் வருகின்றன. எனினும் எந்த ஒதுக்கீட்டிலும் தெரிவு இசட் புள்ளியின் (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளியின்) வரிசைப்படியே நடைபெறுவதால், மாவட்ட ஒதுக்கீட்டிலும் மகன் தன் மாவட்டத்துப் பிள்ளைகளுடன் போட்டியிட்டே ஆகவேண்டும். உயிரியலின் இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும் இருக்கின்றன. அங்கே தவறவிடும் புள்ளிகள் இசட் புள்ளியையும் குறைக்கும். படம் வரைந்து பெயரிடுவதிலும், படிமுறைகளை ஒழுங்குமாறாமல் எழுதுவதிலும் இப்போதே அவனைப் பயிற்றுங்கள்.