கடைசிப் பஸ்ஸுக்கு முன்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் வட மாவட்டம் ஒன்றில் உள்ள பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.

சென்ற மாதம் எங்கள் வளாகத்தில் பொதுமக்களுக்கான கலை இலக்கிய வாரம் நடந்தது. ஐந்து நாட்களில் பதினொரு நிகழ்ச்சிகள். மூன்றாம் நாள் தெருக்கூத்து, கர்ண மோட்சம். பகல் இரண்டு மணிக்கு, குளிரூட்டிய அரங்கில், நாற்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. கர்ணன் திரைக்குப் பின்னிருந்து வெளியே வருவதற்கே இருபது நிமிடம் ஆகிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒருவர், "நேராகச் சண்டைக்குப் போகச் சொல்லுங்கள்" என்று சீட்டு எழுதி அனுப்பினார். கூத்து வாத்தியார் அதை வாங்கிப் படித்துவிட்டு ஆர்மோனியக்காரரைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

கர்ணன் வேடம் கட்டியவரின் ஊர் எங்கள் வளாகத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். அந்த ஊரிலிருந்து ஒருவர்கூட அரங்கில் இல்லை. அடையாள அட்டை இல்லாதவர்களை வாசலில் விடுவதில்லை. அவருடைய மனைவியும் மகனும் கூட வந்து, காவலர் அறைக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நிகழ்ச்சி அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னுடையது. "பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்" என்று எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பல்கலைக்கழகம் இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தத்தான் வேண்டுமா ஐயா? ஒழுங்காகப் பாடம் நடத்தி, நேர்மையாக ஆய்வு செய்தால் போதாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தப் புளியமரத்தடி மனத்தை விட்டு அகலவில்லை. கர்ணனின் மகன் வெளியே உட்கார்ந்திருக்க, உள்ளே கர்ண மோட்சம் நடந்திருக்கிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: நடத்தத்தான் வேண்டும். பாடமும் ஆய்வும் போதாது. இதை நான் ஒரு கொள்கையாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணால் பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை கடற்கரைச் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் நுழைந்தேன். காவலர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. படியேறினால் ஓர் அரங்கு, நாற்பது பேர் இருப்பார்கள். கல்வெட்டுகளில் ஏரிப் பாசனம் என்பது பொருள். மூன்று மாலைகள் தொடர்ந்து ஒரே அறிஞர் பேசும் அறக்கட்டளைச் சொற்பொழிவு. நான் நுழைந்தது முதல் நாள். உத்திரமேரூரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இத்தனை விதிகளா என்று வியந்தபடி, மழை நின்ற பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கடையில் பொய்யான ஒரு காரணம் சொல்லிவிட்டு மறுபடி போனேன். அன்று ஏரியின் தூம்பைப் பற்றிப் பேச்சு. தண்ணீர் திறந்துவிடும் அமைப்பை அவர் படம் போட்டு விளக்கி முடித்ததும், பின்வரிசையிலிருந்து வேட்டி கட்டிய ஒரு முதியவர் எழுந்தார். பொதுப்பணித்துறையில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஆயுள் முழுவதும் மதகு திறந்து மூடியவர். "ஐயா, நீங்கள் போட்டிருக்கும் படத்தில் தண்ணீர் போகும் வழி இருக்கிறது, சேறு போகும் வழி எங்கே?" என்று கேட்டார். குமிழித் தூம்பில் மேலே இருப்பது நீரோடித் துளை, கீழே தரைமட்டத்தில் இருப்பது சேறோடித் துளை. கீழ்த்துளை வழியாக வண்டல் போய்க்கொண்டே இருப்பதால்தான் தூம்பின் பக்கம் ஏரி தூர்ந்துபோகாது என்று கையை அசைத்து அசைத்து விளக்கினார். அரங்கு முழுக்க அவர் பக்கம் திரும்பியிருந்தது. பேச்சாளர் மேடையை விட்டு இறங்கி வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் உரையை அந்தப் படத்தைத் திருத்தி வரைந்துவிட்டுத்தான் தொடங்கினார்.

அன்று யார் யாருக்குக் கற்பித்தார்கள்? பொது நிகழ்ச்சி என்றால் பல்கலைக்கழகம் தன்னிடம் இருப்பதை எடுத்து வெளியாருக்குக் கொஞ்சம் வழங்குவது என்ற எண்ணம் எனக்கு அந்த மாலையோடு போயிற்று. லஸ்கர் வந்திருக்காவிட்டால் அந்த ஆய்வு ஒரு துளை குறைந்த ஆய்வாகவே அச்சேறியிருக்கும். அறிஞரின் வேலை முடிவதற்கு அவர் தேவைப்பட்டார்.

கூத்துக்கும் இது பொருந்தும். வடார்க்காட்டுக் கிராமத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ஆடும்போது, திரைக்குப் பின்னால் நின்று கர்ணன் பாடும் விருத்தத்தை எதிரே இருக்கும் கிழவிகள் வரிக்கு வரி அறிவார்கள். ஓர் அடி தப்பினால் உச்சுக்கொட்டுவார்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அன்றைக்கு ஊரில் நடந்த தகராறு ஒன்றை எடுத்துப் போட்டால் யாரைச் சொல்கிறான் என்று கூட்டத்துக்குத் தெரியும். முகவீணை என்ற அந்தச் சிறு குழல் ஏன் அந்த இடத்தில் அப்படி அழுகிறது என்று தெரியும். அந்தக் காதுகளை வாசலில் நிறுத்திவிட்டுக் கூத்தை மட்டும் உள்ளே அழைத்திருக்கிறார்கள். உங்கள் மாணவர்களுக்கும் இதில் இழப்புதான். கூத்து எப்படிக் கேட்கப்படுகிறது என்பதை அவர்கள் ஒருபோதும் பார்க்கவில்லை. அந்த ஊர்க் கிழவிகள் பத்துப் பேர் முன்வரிசையில் இருந்திருந்தால், பிள்ளைகள் மேடையைப் பார்த்ததைவிட அவர்களைப் பார்த்து அதிகம் கற்றிருப்பார்கள்.

நீங்கள் தமிழ்த்துறையில் இருப்பதால் ரா. பி. சேதுப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1930-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1936 முதல் சென்னைப் பல்கலைக்கழகம் என்று வாழ்நாளில் பெரும்பகுதியைப் பேராசிரியராகக் கழித்தவர். ஆனால் அவரைச் சென்னை அறிந்தது வகுப்பறையில் அல்ல. கோகலே மன்றத்தில் சிலப்பதிகாரம், தங்கசாலைத் தமிழ் மன்றத்தில் திருக்குறள், கந்தகோட்டத்து மண்டபத்தில் கந்தபுராணம் என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து விரிவுரை செய்தார். தங்கசாலையும் கந்தகோட்டமும் எப்படிப்பட்ட இடங்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூட்டை இறக்குகிறவர்களும் மண்டிக் கணக்கர்களும் புழங்கும் தெருக்கள். பகல் வேலை முடித்தவன் மாலையில் வந்து உட்காரக்கூடிய இடங்களைத் தேடிப் பேராசிரியர் போயிருக்கிறார்.

அவர் தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு அறக்கட்டளையும் வைத்தார். பெற்ற தாயை நினைவுகூர ஒரு மகன் கல்லில் சிலை வைக்காமல் சொற்பொழிவை வைத்தது எனக்கு மிகவும் பிடித்த செயல். கல்கத்தாவில் இதற்கு இணையாக ஒன்று உண்டு. அங்கே துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜியின் மகள் கமலா இளம் வயதிலேயே கணவனை இழந்தாள். உறவும் ஊரும் எதிர்த்தபோதும் 1908-இல் அவளுக்கு மறுமணம் செய்துவைத்தார் தந்தை. மறுபடியும் அவள் விதவையானாள். 1923-இல் இறந்தும் போனாள். அந்தத் துக்கத்திலிருந்து அவர் உண்டாக்கியதுதான் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கமலா சொற்பொழிவுகள். நம்முடைய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அங்கே போய் இந்தியக் குடிமகனின் உரிமைகளையும் கடமைகளையும் பற்றிப் பேசினார். தாகூர் மனிதனின் மதம் பற்றி வங்க மொழியில் பேசியதும் அந்த மேடையில்தான்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்ற இந்த ஏற்பாட்டின் கட்டமைப்பை உங்கள் ஊர்க் கலை வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர்தான் பேசுவார். பல நாட்கள் பேசுவார். பேசியதை எழுதிக் கொடுக்க வேண்டும், அது நூலாக வேண்டும். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1946-47-க்குரிய சர் வில்லியம் மேயர் சொற்பொழிவுகளில் சுமத்ராவின் ஸ்ரீவிஜயப் பேரரசின் வரலாற்றைச் சொன்னார். 1949-இல் அது புத்தகமாகியது. உ. வே. சாமிநாதையரின் சங்கத் தமிழும் பிற்காலத் தமிழும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளின் நூல் வடிவம். அறிமுகமில்லாதவர்கள் எதிரே வந்து உட்காரப்போகிறார்கள் என்ற நிர்ப்பந்தம் ஓர் அறிஞரை எப்படி எழுதவைக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

இந்த நல்ல வடிவத்தை விழா விழுங்கிவிட்டது. அதுதான் என் ஆத்திரம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகம் என்னை அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தது. இரண்டு மாதம் படித்து, முப்பது பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, நோக்கவுரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரைகள், ஒவ்வொருவருக்கும் பொன்னாடையும் நினைவுப் பரிசும். என் முறை வந்தபோது மணி ஒன்று. மாணவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். பன்னிரண்டு நிமிடம் பேசினேன். கேள்வி நேரம் கிடையாது. அந்த முப்பது பக்கத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் மேடையைப் பல கோணங்களில் படமெடுத்தார்கள், இடக்குறிப்போடு. பல்கலைக்கழகங்களைத் தரமதிப்பிடும் நாக் குழு வரும்போது ஆதாரமாக வைக்க வேண்டுமாம். அந்த அறக்கட்டளையை வைத்த குடும்பத்தின் மூதாட்டி ஒருவர் முன்வரிசையில் இருந்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வீட்டுக்காரருக்கு நீங்கள் பேச வந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும்" என்றார். நான் அந்த விஷயத்தைப் பேசவே இல்லை.

பாரிஸில் கொலேழ் த பிரான்ஸ் என்று ஒரு கல்வி நிறுவனம் இருக்கிறது. 1530-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் நிறுவியது. அங்கே பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது, பதிவு கிடையாது. பிரான்சின் தலைசிறந்த அறிஞர்களைப் பேராசிரியர்களாக்குகிறார்கள். நடந்துகொண்டிருக்கும் தங்கள் ஆய்வை ஆண்டுதோறும் புதிதாக அவர்கள் பொதுமக்கள் முன் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். தத்துவவாதி பெர்க்சன் பேசிய காலத்தில், செல்வந்தர் வீட்டுப் பெண்கள் இடம்பிடிக்க வேலைக்காரர்களை முன்கூட்டியே அனுப்பினார்கள். சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ 1970 முதல் 1984 வரை அங்கே பேசினார். 300 பேர் அமரும் இடத்தில் 500 பேர் நெருக்கியடித்தார்கள். அவர் மேசை முழுக்கக் கேட்க வந்தவர்களின் ஒலிப்பதிவுக் கருவிகள். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து அந்த உரைகள் நூல்வரிசையாக வந்தபோது, பெரும்பாலானவற்றுக்குப் பெயர் தெரியாத அந்தக் கேட்பாளர்களின் நாடாக்கள்தாம் மூலப்பிரதி. வாசலில் அடையாள அட்டை கேட்டிருந்தால் அந்த நூல்களை இன்று இந்த வடிவில் நாம் படிக்க முடியாது.

ஆனாலும் ஃபூக்கோவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. இவ்வளவு கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. பேசி முடித்ததும் தனியனாகிவிடுகிறேன் என்று வருந்தியிருக்கிறார். கூட்டம் குறையட்டும் என்று ஒரு கட்டத்தில் உரையைக் காலை ஒன்பது மணிக்குக்கூட மாற்றினார். எனவே கதவைத் திறந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்நூறு பேர் வாய்மூடிக் கேட்டதைவிட, நாற்பது பேரில் ஒரு லஸ்கர் எழுந்து நின்றது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பேச்சு எவ்வளவு நேரமோ அதில் பாதி நேரமாவது கேள்விக்கு இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மாணவர்களுக்கு முன் வெளியாருக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வரிக்காக உங்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் வேலையில் இருப்பவரிடம் மறுத்திருக்க வேண்டும் என்று பத்திரமான இடத்தில் இருந்துகொண்டு சொல்வது அநியாயம். ஆனால் அந்த வரி உண்மையாகும்படி ஒரே ஒரு மாலையை உங்களால் உண்டாக்க முடியும் என்று நினைக்கிறேன். துறைத் தலைவரிடம் பணம் கேட்காதீர்கள், அரங்கும் கேட்காதீர்கள். வளாகத்துக்குள் வாசலை ஒட்டி ஒரு மரத்தடியும் ஐம்பது நாற்காலிகளும் ஒரு ஒலிபெருக்கியும் போதும். அன்று மாலை ஆறு மணிக்குமேல் வெளியாரை உள்ளே விடலாம் என்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள், அதை நீங்களே கொண்டுபோய்க் காவலரிடம் கொடுங்கள். கர்ணன் வேடக்காரரின் வீட்டுக்கு நேரில் போய் அழையுங்கள். இந்த முறை ஆடுவதற்காக அழைக்க வேண்டாம். திரைக்குப் பின்னால் ஏன் அத்தனை நேரம் நிற்கிறீர்கள் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். அவர் மனைவியும் மகனும் முதல் வரிசையில் இருக்கட்டும். சொன்னதை எழுத்தாக்கும் வேலையை இரண்டு மாணவர்களிடம் ஒப்படையுங்கள்.

நான் வருகிறேன். பேசுவதற்காக அல்ல, கேட்பதற்காக. பொன்னாடை வேண்டாம், பயணப்படியும் வேண்டாம். வேடக்காரரின் ஊருக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரித்து எழுதுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்கும் நேரத்தை முடிவு செய்வோம்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்