அகலமான நாடாவில் ஹேமக் (இரு மரங்களுக்கிடையே தொங்கும் படுக்கை) கட்டும்போது எந்த முடிச்சு நழுவாமல் நிற்கும்?

உங்களிடம் இருப்பது ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ அகலமுள்ள தட்டை நாடா என்றும், கயிற்றுக்குக் கற்ற முடிச்சை அதில் போட்டு, ஆள் ஏறியதும் அது இளகியதைப் பார்த்துவிட்டே கேட்கிறீர்கள் என்றும் எண்ணிக்கொள்கிறேன். உருண்டைக் கயிறு முடிச்சுக்குள் எல்லாப் பக்கமும் சீராக இறுகும். தட்டை நாடாவோ புரண்டு, ஒரு விளிம்பில் மட்டும் பாரத்தை வாங்கிக்கொண்டு, மற்ற பகுதியைச் சும்மா விட்டுவிடுகிறது.

மலேசியாவில் பகாங் மாநிலத்தின் தாமான் நெகாரா காட்டில் நண்பர்களோடு தங்கியபோது, கப்பலில் வேலை பார்த்த ஒருவர், முடிச்சைப் பற்றித் தமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நைலான் நாடாவில், கயிற்று முனையில் வளையம் போட உதவும் போலைன் முடிச்சைப் போட்டுப் படுத்தார். மழையில் நைலான் நனைந்து நீண்டதோடு முடிச்சும் சிறிது சிறிதாக இளகியதால், விடிவதற்குள் அவருடைய முதுகு அட்டைகள் ஊரும் தரைக்கு வந்துவிட்டது. மறுநாள் நான் கட்டிக் கொடுத்தேன்; அதற்குப் பிறகு அவர் இறங்கவில்லை என்பதைச் சற்றுப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே மரங்கள் பருத்தவை என்பதால் முதலில் இரண்டு நாடாக்களை வாட்டர் நாட் முடிச்சால் இணைத்தேன். ஒரு நாடாவின் முனையில் சாதாரண முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போட்டு, மற்ற நாடாவை எதிர்த்திசையிலிருந்து நுழைத்து, முதல் நாடா போன வழியிலேயே முறுக்கில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி கொண்டுபோய், இருபுறமும் குறைந்தது 3 அங்குல வால் விட்டு இறுக்க வேண்டும். பாரம் ஏறி இறங்க இந்த வால் குட்டையாகும் என்று மலையேறுபவர்கள் மறுப்புச் சொல்லக்கூடும். அது உண்மைதான், அதனால்தான் ஒவ்வொரு முறையும் படுக்கும் முன் வாலைப் பார்க்கச் சொல்கிறேன். தவிர, பாறையில் தொங்குவதற்கு நான் வழி சொல்லவில்லை.

ஹேமக் பக்கத்துக்கு பெக்கெட் ஹிட்ச் என்ற முடிச்சு போதும். நாடாவை நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஹேமக்கின் கயிற்று வளையத்துக்குள் விட்டு, வளையத்தின் இருபுறக் கயிறுகளையும் பின்புறமாகச் சுற்றி, முனையை மடித்து நாடாவின் அடியிலேயே செருகினால், படுப்பவரின் பாரமே அதை இறுக்கும்; காலையில் முனையை இழுத்தால் உருவாஞ்சுருக்குப் போல அவிழும். நாடா கிடைமட்டத்துக்கு 30 பாகைச் சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ உங்கள் எடையளவு இழுவிசை வரும். விறைப்பாக இழுத்து 15 பாகையாக்கினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இந்த இழுவிசையை நாடா தாங்குமா என்று கணக்கிட முடியாதபடி, என் நாடாவை விற்ற கடை உறைமேல் ஒரு கிலோ கணக்கை மட்டும் அச்சிட்டிருந்தது; அறுந்துபோகும் பாரமா, பாதுகாப்பான பாரமா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. முடிச்சுப் போட்டால் நாடாவின் வலு கணிசமாகக் குறையும் என்பதும் அந்த உறையில் இல்லை.

நாடாவை இறுக்கிப் பிடிக்கும் கொக்கி வாங்கினால் முடிச்சே வேண்டாமே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் வழவழப்பான நாடா நனைந்தால் கொக்கியிலும் நழுவக்கூடும் என்பதால், அதற்குப் பின்னாலும் ஓர் உருவாஞ்சுருக்கைப் போட்டுவிட்டே நான் ஏறிப் படுப்பேன்.